கருவேல முள்ளும் டியூப்லெஸ் டயரும்: ஒட்டலாமா, மாற்றிவிடலாமா?

சமணமலை29 எழுதியது:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். கீழக்குயில்குடி, நாகமலை அடிவாரம், மாடக்குளம் கண்மாய்க் கரை என்று வாரம் மூன்று நாள் காலையில் மண் பாதைகளில் ஓட்டுகிறேன். சைக்கிள் 29 அங்குல ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் ஷாக் உள்ள மலைச் சைக்கிள்), 2.25 அங்குல டயர், ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர். என் எடை 74 கிலோ.

இந்தப் பக்கம் சீமைக் கருவேலம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கரையோரம் வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் வாரத்துக்கு இரண்டு பஞ்சராவது ஆகிவிடும். ஒரே டியூபில் 11 ஒட்டு வரை போட்டிருக்கிறேன். அதனால் பிப்ரவரியில், உள்ளே டியூபே இல்லாத டியூப்லெஸுக்கு மாறினேன். ரிம்மில் காற்றை அடைக்கும் டேப், வால்வு, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் எல்லாம் கடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒரு பஞ்சர்கூட இல்லை. அவ்வளவு நிம்மதி.

போன ஞாயிறு கண்மாய்க் கரையில் பின் சக்கரத்தில் ஒரு முள் குத்தி நிற்பதைப் பார்த்தேன். பிடுங்கினேன். புஸ்ஸென்று காற்று போனது. சீலன்ட் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. ஓட்டையை அடியில் வைத்து, சக்கரத்தைச் சுற்றி, எல்லாம் செய்து பார்த்தேன். கையில் டியூபும் இல்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து பைபாஸ் ஓரம் ஒரு பஞ்சர் கடையில் கொடுத்தேன். கார் டயருக்குச் செய்வதுபோல அவர் கம்பியால் ஓட்டையைக் குடைந்து, கறுப்பு ஸ்ட்ரிப்பைத் திணித்து விட்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், ஆனால் இரவுக்குள் காற்று முழுதும் இறங்கிவிட்டது. துடைத்துப் பார்க்கும்போது பக்கச் சுவரிலும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல் தெரிகிறது.

இந்த டயரை ஒட்டிக் காப்பாற்ற முடியுமா? முடியாது என்றால் எங்கள் மண்ணுக்கு எந்த டயர் வாங்குவது? பேசாமல் டியூபுக்கே திரும்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது. அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

*

லேத்பட்டறை_கோவை எழுதியது:

தம்பி, டயரைக் குறை சொல்வதற்கு முன்னால் சீலன்ட்டைப் பாருங்கள். பிப்ரவரியில் ஊற்றியது, நடுவில் மதுரையின் ஏப்ரல், மே. அது காய்ந்துபோய்விட்டது. முள்ளைப் பிடுங்கியபோது ஒரு சொட்டுகூட வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மேல் சாட்சி வேண்டாம். டயரைக் கழற்றினால் உள்ளே பால் ஆடை படிந்ததுபோல் ஒரு தோலும், பஞ்சு உருண்டை மாதிரி ஒன்றிரண்டு ரப்பர் உருண்டைகளும் இருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். நாம் ஊற்றுகிற சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால்தான். அதில் நுண்ணிய துகள்களையும், உறையாமல் இருக்கக் கொஞ்சம் திரவத்தையும் கலந்திருப்பார்கள். ஓட்டை விழுந்ததும் காற்று அதை வெளியே தள்ளும். துகள்கள் வாசலில் போய் அடைத்துக்கொள்ள, அவற்றைச் சுற்றி ரப்பர் உறையும். அதே உறைதல், ஓட்டை இல்லாவிட்டாலும் டயருக்குள் மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருக்கும். வெயிலில் இன்னும் சீக்கிரம். குளிர் நாட்டுக்காரர்கள் ஆறு மாதம் தாங்கும் என்று எழுதுவதை நம் ஊரில் நம்பவே கூடாது. என் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் சைக்கிளில் ஏழு வாரத்தில் பாதி காணாமல் போகிறது. கோடையில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். வால்வை மேலே வைத்துக் காற்றை இறக்கி, வால்வின் உள்பகுதியைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தால் எவ்வளவு ஈரம் இருக்கிறதென்று தெரியும். எண்ணெய் அளவு பார்ப்பது மாதிரிதான்.

அடுத்து அந்தப் பஞ்சர் கடை விஷயம். அவர் மேல் தவறில்லை, தனக்குத் தெரிந்த டயருக்குச் செய்வதைத்தான் செய்தார். காரிலும் பைக்கிலும் வரும் டியூப்லெஸ் டயர் தடிமன். அந்த தடிமன்தான் ஸ்ட்ரிப்பைப் பிடித்துக்கொள்கிறது, சீலன்ட் தேவையே இல்லை. நம் டயரில் மேலே துருத்தும் ரப்பர்ப் பொத்தான்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் ரப்பர். அதில் கார் ஸ்ட்ரிப்பைத் திணிப்பது மெல்லிய துணியில் கோட் பட்டன் தைப்பது மாதிரி. கார்க் கம்பி கிட்டத்தட்ட ஐந்து, ஆறு மில்லிமீட்டருக்குக் குடைகிறது. முள் போட்ட ஓட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்திருக்கும், நல்ல சீலன்ட் இருந்தால் அது தானாகவே அடைந்திருக்கும். இனிமேல் சைக்கிளுக்கென்றே விற்கிற மெல்லிய பிளக்கும் சிறிய ஊசியும் வாங்கிப் பையில் வையுங்கள். சைக்கிள் பிளக்குக்கும் பின்னால் சீலன்ட் ஈரமாக இருக்க வேண்டும். பிளக் ஓட்டையின் பெரும்பகுதியை அடைக்கும், மீதி இடுக்கை அடைப்பது சீலன்ட்தான்.

டயரைக் காப்பாற்றலாம். அந்த ஸ்ட்ரிப்பை வெளிப்பக்கம் இழுக்காமல் உள்பக்கமாக எடுத்துவிடுங்கள். உள்ளே படிந்த ரப்பர் தோலை விரலால் உரித்தாலே வந்துவிடும். ஓட்டையைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள், எமரித் தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள், மறுபடி துடையுங்கள். அவசரப்படுகிறவர்கள் சொதப்புவது இந்த இடத்தில்தான். புது டயரின் உட்புறத்தில் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய வழுக்கல் கொஞ்சம் இருக்கும், அதன் மேல் ஒட்டினால் பேட்ச் ஒரு வாரத்தில் கழன்று வரும். பிறகு சொலூஷன் இரண்டு மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்து, புறங்கையால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். அதன் மேல் கார் டயருக்கு உள்ளே ஒட்டுகிற சிறிய தட்டைப் பேட்சை வைத்து, ஸ்பூனின் முதுகால் நன்றாகத் தேய்த்து, ஓர் இரவு விடுங்கள். டியூபுக்கு ஒட்டுகிற மெல்லிய பேட்ச் ஆறு மில்லிமீட்டர் ஓட்டைக்குத் தாங்காது, நடுவில் பலூன் மாதிரி புடைக்கும்.

பக்கச் சுவர்க் கீறலை நகத்தால் விரித்துப் பாருங்கள். ரப்பர் மட்டும் கிழிந்து, உள்ளே நூல் இழைகள் முழுசாக இருந்தால் கவலை வேண்டாம். இழை அறுந்திருந்தால், அந்த டயரை முன் சக்கரத்துக்கு மட்டும் போடாதீர்கள். பின்னால் வெடித்தால் சறுக்குவோம், முன்னால் வெடித்தால் முகம்தான்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். டயரைக் கழற்றியதும் உட்புறம் முழுக்க ஒரு பழைய துணியை மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். துணி மாட்டுகிற இடமெல்லாம் முள் இருக்கும். மூன்று மாதம் பஞ்சரே ஆகவில்லை என்றீர்களே, குத்திய முள்ளெல்லாம் ஒடிந்து உள்ளேயே நிற்கிறது, சீலன்ட் அதைச் சுற்றி உறைந்து உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறது. இதை எடுக்காமல் அவசரத்துக்கு ஒரு டியூபை மாட்டினால் அரை கிலோமீட்டர் போகாது. மூன்று வருடத்துக்கு முன் மதுக்கரைப் பக்கம் எனக்கு இதே நடந்தது. கையிலிருந்த இரண்டு டியூபும் பத்து நிமிடத்தில் போயின. அன்றிலிருந்து பையில் சின்ன இடுக்கி இல்லாமல் கிளம்புவதில்லை.

முள்ளைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். நின்ற இடத்தில் காற்று போகவில்லை என்றால் அதுவே ஒரு அடைப்பு. வீட்டுக்கு வந்து, முள் இருக்கும் இடத்தை அடியில் வைத்து, சீலன்ட் அங்கே தேங்கிய பிறகு பிடுங்குங்கள்.

இப்போது டயர். கடைக்காரர் எதைக் காட்டினாலும் முதலில் பக்கச் சுவரைப் படியுங்கள். டியூப்லெஸ் ரெடி, அதாவது டியூப் இல்லாமல் ஓட்டச் செய்தது என்பதை மேக்ஸிஸ் 'டிஆர்' என்றும், ஷ்வால்பே 'டிஎல்இ' என்றும், போன்ட்ரேகர் 'டிஎல்ஆர்' என்றும், டபிள்யூடிபி 'டிசிஎஸ்' என்றும், விட்டோரியா 'டிஎன்டி' என்றும் போடுவார்கள். ஓரத்தில் கம்பி வைத்த மலிவான டயரைப் பார்த்து "இதுவும் நிற்கும் சார்" என்றால் வாங்காதீர்கள். ஓரம் ரிம்மில் இறுக்கமாக உட்காரும்படி செய்யாத டயர் திருப்பத்தில் ஓரம் கழன்று காற்றைக் கக்கும்.

அடுத்து நூல் எண்ணிக்கை. ஓர் அங்குலத்துக்கு 120 நூல் என்றால் இழை மெல்லியது, டயர் லேசாகவும் இழைவாகவும் ஓடும். 60 என்றால் இழை தடிமன், கனம் கூடும், குத்தும் கீறலும் தாங்கும். பந்தயம் ஓட்டாதவர்களுக்குக் கருவேலங்காட்டில் 60 நூல்தான் என் தேர்வு. அல்லது 120 இருந்தாலும் பக்கச் சுவரில் ஒரு பாதுகாப்பு அடுக்கு இருக்க வேண்டும், மேக்ஸிஸில் 'எக்ஸோ' என்று போட்டிருப்பது அதுதான்.

உங்கள் கெட்டியான செம்மண், மேலே சரளை. அதற்கு நடுவில் தாழ்ந்த, நெருக்கமான பொத்தான்கள் உள்ள டயர் போதும். உயரமான, இடைவெளி விட்ட பொத்தான்கள் சேற்றுக்கு நல்லது, நம் கெட்டி மண்ணில் அவை நெளியும், பொத்தான்களுக்கு நடுவே முள்ளுக்கு வழியும் திறந்திருக்கும். நான் பின்னால் விட்டோரியா மெஸ்கால் 2.35 ஓட்டுகிறேன். அதில் லேசான பந்தய வகையை விட்டுவிட்டு 'எக்ஸ்சி டிரெயில்' என்ற வகையைக் கேளுங்கள், பக்கச் சுவர் வலு. மேக்ஸிஸ்தான் உங்கள் ஊரில் கிடைக்கிறதென்றால் முன்னால் ரெகான், பின்னால் ஐகான். 25 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.25 முதல் 2.35 வரை அழகாக உட்காரும். ரெகானில் 2.4 டபிள்யூடி என்று வருவது 30 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ரிம்முக்காகச் செய்தது, அதைத் தவிருங்கள்.

*

பரமக்குடி_டீச்சர் எழுதியது:

லேத்பட்டறை அண்ணன் சொன்ன எல்லாமே சரி, ஆனால் மூன்றாவது கேள்விக்கு நான் வேறு பதில் சொல்வேன். நான் பள்ளிக்குப் போக வர 14 கிலோமீட்டர் கண்மாய்க் கரையில் போகிறேன். 26 அங்குலச் சைக்கிள், ரிம் டியூப்லெஸுக்குச் செய்ததில்லை. உள்பகுதி கழற்றக்கூடிய வால்வு உள்ள டியூபாக வாங்கி, அதற்குள்ளேயே 80 மில்லி சீலன்ட் ஊற்றி ஓட்டுகிறேன். நெருஞ்சி முள்ளுக்கு இது போதும். கருவேல முள்ளிலும் பாதிக்கு மேல் தாங்கிவிடுகிறது. காற்றை 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்க முடியாது, கல்லில் ஏறினால் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். சாதாரண ரிம் வைத்திருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன் இதை முயன்று பார்க்கலாம்.

நெருஞ்சி பற்றி ஒன்று: அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் ஆட்டுத்தலை முள் என்று சொல்லிப் பயப்படுகிறார்களே, அது நம் நெருஞ்சியேதான், ஒரே செடி. அங்கிருந்து வரும் அனுபவக் குறிப்புகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு படங்களையும் காட்டினேன், நம்பவே மாட்டேன் என்றார்கள்.

*

லேத்பட்டறை_கோவை எழுதியது:

டீச்சரம்மா, உங்கள் ரிம்முக்கு நீங்கள் செய்ததுதான் சரி. தம்பியிடம் டியூப்லெஸ் ரிம் ஏற்கெனவே இருக்கிறது, டேப்பும் வால்வும் போட்டாயிற்று. அதை விட்டுத் திரும்புவது வீண். 74 கிலோவுக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால், பஞ்சர் கிடக்கட்டும், அந்தப் பிடிப்புக்காகவே திரும்ப மனம் வராது. சரளையில் டயர் தடவிக்கொண்டு போவது கையில் தெரியும்.

*

சேர்வராயன் எழுதியது:

ஏற்காட்டிலிருந்து. எங்களுக்கு முள்ளைவிடக் கல்தான் எதிரி, பக்கச் சுவர் கிழிவது வாடிக்கை. இழை அறுந்த ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் தைத்து ஓட்டியிருக்கிறேன். செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கொடுத்தேன், மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்குமாக எட்டுத் தையல் போட்டார். இழுத்துக் கட்டக் கூடாது, இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று அவரே சொன்னார். உள்ளே, மேலே சொன்ன மாதிரி தேய்த்துப் பேட்ச். அந்த டயர் பின்னால் ஐந்து மாதம் ஓடியது. ஆனால் நெடும் இறக்கத்துக்கு அதை நம்ப மாட்டேன்.

காட்டுக்குள் அவசரத்துக்கு: பழைய டயரில் பக்கச் சுவர்த் துண்டு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டிப் பையில் வையுங்கள். கிழிசலுக்கு உள்ளே அதை வைத்து, டியூபைப் போட்டு, குறைந்த காற்றில் வீடு வந்து சேரலாம்.

*

சமணமலை29 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதே வேலை. அண்ணன் சொன்னது அப்படியே: சீலன்ட் இல்லை, தோலும் மூன்று உருண்டைகளும்தான். துணியை இழுத்தேன், பின் டயரில் மட்டும் 19 முள். ஒன்று மூன்று சென்டிமீட்டர் நீளம். முன் டயரில் 6.

பக்கச் சுவரில் இழை அறவில்லை, மேல் ரப்பர்தான். ஸ்ட்ரிப்பை எடுத்துப் பேட்ச் ஒட்டி ஓர் இரவு வைத்தேன். பிறகு டயரை உட்கார வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். கைப் பம்பில் எவ்வளவு அடித்தாலும் ஓரம் பிடிக்கவில்லை. வால்வுக்கு அடாப்டர் வாங்கிப் பெட்ரோல் பங்குக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே, வேண்டிய அளவின் எண்ணை அழுத்தினால் தானே காற்றடிக்கும் இயந்திரம், டயரில் காற்றே இல்லாததால் தொடங்கவே மறுத்தது. கடைசியில் அதே பைபாஸ் பஞ்சர் கடைக்காரர்தான் பெரிய டாங்கிலிருந்து காற்று விட்டார். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தேன், இரண்டு முறை டப் டப் என்று சத்தம், உட்கார்ந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஏன் ஸ்ட்ரிப் நிற்கவில்லை என்பதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். காசு வாங்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். பேட்ச் நன்றாக இருக்கிறது. ஆனால் காலையில் 24 வைத்தால் மாலைக்குள் 15 ஆகிறது. தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் டயரில் எங்கும் குமிழி இல்லை, ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் இரண்டு நிப்பிள்களின் வழியே வருகிறது.

*

லேத்பட்டறை_கோவை எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. நிப்பிள் வழியே குமிழி வந்தால் ரிம் டேப்தான். வரும் இடத்தில்தான் கிழிசல் என்று நினைக்காதீர்கள், காற்று டேப்புக்கு அடியில் நுழைந்து ரிம்மின் உள்கூட்டில் சுற்றி எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வரும். பெரும்பாலும் வால்வு ஓட்டைப் பக்கம் டேப் கிழிந்திருக்கும், இல்லையென்றால் டயரைக் கழற்றும்போது லீவர் பட்டு ஓரம் தூக்கியிருக்கும்.

முழுவதையும் உரித்துப் புதிதாகப் போடுங்கள். உள் அகலம் 25 என்றால் 27 அல்லது 28 மில்லிமீட்டர் டேப், இரண்டு பக்கமும் சுவரில் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, வால்வு ஓட்டைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கட்டை விரல் வலிக்கிற அளவுக்கு இழுத்து ஒட்டுங்கள், குமிழி தங்கக் கூடாது. முடிவில் ஒரு சாண் நீளத்துக்கு டேப் தன் தொடக்கத்தின் மேலேயே ஏறி வரட்டும். வால்வுக்குக் கத்தியால் வெட்டாதீர்கள், வெட்டு நீண்டுகொண்டே போகும். கோணி ஊசியின் முனையை அடுப்பில் காட்டிப் பழுக்கவைத்துக் குத்தினால் ஓட்டையின் ஓரம் உருகி வட்டமாக நிற்கும்.

பிறகு டயரைச் சீலன்ட் இல்லாமல், டியூப் போட்டு, அச்சிட்ட அளவைத் தாண்டாமல் காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். டியூப் டேப்பை அழுத்தி உட்கார வைக்கும், டயரின் இரண்டு ஓரமும் உட்கார்ந்துவிடும். காலையில் ஒரு பக்க ஓரத்தை மட்டும் கழற்றி டியூபை எடுத்தால் மறுபக்கம் அப்படியே நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் உட்கார வைப்பதென்றால் தரையில் நிறுத்தி அடிக்கும் நல்ல பம்பே பெரும்பாலும் போதும், கடைக்குப் போக வேண்டியிருக்காது.

சீலன்ட் ஊற்றும் முன் பாட்டிலை ஒரு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். துகள்கள் அடியில் தங்கிவிட்டால் நீங்கள் ஊற்றுவது வெறும் தண்ணீர்தான். உங்கள் டயருக்கு முன்னால் 100 மில்லி, பின்னால் 120. ஊற்றியதும் சக்கரத்தை ஒரு வாளியின் மேல் படுக்க வைத்து ஒரு பக்கம் பத்து நிமிடம், திருப்பி இன்னொரு பக்கம் பத்து நிமிடம். அப்புறம் உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

வால்வின் மரையை விரலால் மட்டும் முறுக்குங்கள். குறடு போட்டால், வழியில் டியூப் போட வேண்டியிருக்கும்போது கழற்ற முடியாது.

*

சமணமலை29 எழுதியது:

டேப் முழுதும் மாற்றினேன் அண்ணா. வால்வுக்குப் பக்கத்தில் கடையில் கத்தியால் போட்ட வெட்டு இரண்டு விரல் அளவுக்கு நீண்டிருந்தது. நேற்று இரவு 24 வைத்தேன், இன்று காலை 23. மாடக்குளம் கரையில் 18 கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். பின் டயரில் மூன்று இடத்தில் வெள்ளைப் புள்ளி, மூன்றும் தானாக அடைந்திருக்கிறது. முள்ளைப் பிடுங்கவில்லை.

மெஸ்கால் 2.35 சென்னையிலிருந்து வர பத்து நாள் ஆகுமாம், பின் சக்கரத்துக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். ஒட்டிய டயரை அதுவரை பின்னாலேயே ஓட்டுகிறேன், முன்னால் போட மாட்டேன். பையில் இப்போது ஒரு டியூப், மெல்லிய பிளக், இடுக்கி, பழைய டயர்த் துண்டு இருக்கின்றன. ஆகஸ்ட் முதல் வாரம் சீலன்ட் பார்க்க வேண்டும் என்று சமையலறை நாள்காட்டியில் அம்மாவே எழுதி வைத்துவிட்டார்.